குழந்தைகளின் மூச்சுத்தொற்றும் மருத்துவமனைச் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் வார்டில் கேட்பவர் மாறுகிறாரே தவிர, கேள்வி மாறுவதில்லை. அப்படித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பிறந்தது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பதில்கள் இவை. குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு மாற்றாகா.

சளி பிடித்தாலே நிமோனியாவில் போய் முடியுமா?

முடியாது. மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும் தொற்றுகளே மிகப் பெரும்பான்மை. நலமாக வளரும் சிறு குழந்தைக்குக்கூட ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. தொற்று கீழே இறங்கி நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழல்களை வீங்கச் செய்தால் அதைப் பிராங்கியோலைட்டிஸ் என்கிறோம்; காற்றறைகளுக்குள் நீரும் சீழும் தேங்கினால் நிமோனியா என்கிறோம்.

ஒரே கிருமி அண்ணனுக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாகவும், கைக்குழந்தைக்கு மருத்துவமனையில் சேர்க்கும் நோயாகவும் மாறுவதற்கு முதற்காரணம் மூச்சுக்குழலின் அளவு. குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால், சீரான ஓட்டத்தில் காற்றுக்கு எதிரான தடை பதினாறு மடங்காகிவிடுகிறது. ஆகவே பெரியவருக்குத் தெரியாமலே போகும் ஒரு சிறு வீக்கம், ஆறு மாதக் குழந்தையை மூச்சு வாங்க வைத்துவிடுகிறது.

காய்ச்சல் 103-ஐத் தாண்டிவிட்டது. நெஞ்சு வரை இறங்கிவிட்டது என்றுதானே பொருள்?

அப்படிப் பொருளில்லை. வெப்பமானி காட்டும் எண்ணுக்கும் நோயின் கடுமைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சாதாரண வைரஸ் சளியில் 104 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறுவதும் உண்டு, கடுமையான நிமோனியாவில் லேசான சூடு மட்டும் இருப்பதும் உண்டு. இதற்கு ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே, அப்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த வயதில் இரத்தத்தில் பரவிய தொற்று வெளியே காட்டும் ஒரே தடயம் அந்தச் சூடாகவே இருக்கக்கூடும். உடல் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்துபோவதும் அவ்வாறே.

பாராசிட்டமால் குழந்தையின் அசௌகரியத்தைக் குறைப்பதற்காகத் தரப்படுவது. எண்ணைக் குறைப்பதற்காக அன்று. வழக்கமான அளவு, கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம், ஒரு நாளில் நான்கு முறைக்கு மிகாமல். சொட்டு மருந்தும் சிரப்பும் வெவ்வேறு செறிவில் விற்கப்படுவதால், மில்லிலிட்டரை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களே பெரும்பாலும் அளவைத் தவறவிடுகிறார்கள். சீட்டில் உள்ள மில்லிகிராமையும் புட்டியின் செறிவையும் சேர்த்துப் பாருங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது; வைரஸ் காய்ச்சலின்போது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறிக்கு அது வழிவகுக்கலாம்.

மூச்சு வேகமாக இருக்கிறது என்று எப்படி நாங்களே தெரிந்துகொள்வது?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாகவோ உறங்கியோ இருக்கும்போது சட்டையை விலக்கி, நெஞ்சும் வயிறும் சேருமிடத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது கைக்குழந்தையிடம் செல்லாது. அவர்கள் சில மூச்சுகளை வேகமாக விட்டு, சில விநாடி நிறுத்தி, மீண்டும் தொடங்குவது இயற்கை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. காய்ச்சலே மூச்சை விரைவாக்கும் என்பதால், சூடு தணிந்தபின் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் மட்டும் அந்தக் காத்திருப்பு வேண்டாம்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, குழந்தை மூச்சு விடுவதற்கு எவ்வளவு பாடுபடுகிறது என்பது. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குவது, விலா எலும்புகளுக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் பள்ளம் விழுவது, மூக்குத் துளைகள் விரிவது, மூச்சுக்கு மூச்சு தலை ஆடுவது, ஒவ்வொரு மூச்சை விடும்போதும் முனகல் போன்ற ஒலி வருவது ஆகியவை உழைப்பின் அடையாளங்கள். முனகல் ஒலி அழுகையன்று. சுருங்கிப்போக முயலும் காற்றறைகளைத் திறந்து வைத்திருக்கக் குழந்தை செய்யும் முயற்சி. அதைக் கேட்டபின் காத்திருப்பதற்கு இடமில்லை.

நெஞ்சில் கை வைத்தால் கரகரவென்கிறது, சளி கட்டிவிட்டதா?

பெரும்பாலும் அது மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளி எழுப்பும் ஒலி. மெல்லிய நெஞ்சுச் சுவர் வழியே கையில் அதிர்வாகத் தெரிகிறது. மூச்சு விடும்போது விசில் போல் வருவதே இழுப்பு. உள்ளே இழுக்கும்போது கரடுமுரடாகக் கேட்பது குரல்வளை ஒடுங்கியதன் ஒலி. முதலாவது தொல்லை மட்டுமே. மற்ற இரண்டையும் மருத்துவர் கேட்டறிய வேண்டும். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: நன்றாகப் பாடுபட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்த குழந்தையின் இழுப்பு ஒலி திடீரென்று அடங்கி, குழந்தையும் சோர்ந்துவிட்டால் அது குணமன்று, காற்றே உள்ளே போகவில்லை என்று பொருளாகலாம்.

எந்த நிலையில் காலை வரை காத்திருக்கக் கூடாது?

குழந்தையால் குடிக்கவோ தாய்ப்பால் உறிஞ்சவோ முடியாமற்போவது, உண்டதையெல்லாம் வாந்தியெடுப்பது, வலிப்பு வருவது, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடப்பது ஆகிய நான்கையும் பொது அபாய அறிகுறிகள் என்று உலகெங்கும் செவிலியருக்குக் கற்பிக்கிறார்கள். இவற்றுடன் முந்தைய பதிலில் சொன்ன முனகல், நெஞ்சு உள்வாங்குதல் ஆகியவற்றையும், உதடோ நாக்கோ நீலம்பாரித்தல், கைக்குழந்தைக்கு இயற்கையான சில விநாடி இடைவெளியைவிட நீண்டு மூச்சு நின்று நின்று வருதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோல் திட்டுத்திட்டாக வெளிறிப்போய், கை கால்கள் சில்லென்று இருப்பதும், அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றுவதும் இரத்தத்தில் தொற்று பரவியதைக் காட்டலாம்.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள், நோயெதிர்ப்புத் திறன் குறைந்தவர்கள், மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு இந்த அளவுகோலை இன்னும் தளர்த்தி, ஐயம் எழுந்தவுடனே கிளம்புவதுதான் முறை. கக்குவான் இருமல் இவ்வயதில் அந்தப் பெயர்பெற்ற கூவல் ஒலி இல்லாமல், மூச்சு நின்றுபோவதாக மட்டுமே வெளிப்படுவதும் உண்டு.

ஆக்சிமீட்டரில் 96 காட்டுகிறது. பிறகு ஏன் சேர்க்கச் சொல்கிறார்கள்?

விரலில் மாட்டும் அந்தக் கருவி, சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் துடிக்கும் இரத்தத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை ஒப்பிட்டு ஆக்சிஜன் செறிவைக் கணக்கிடுகிறது. இந்த வழியை 1970-களில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி. 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஆக்சிஜன் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான எல்லை. சில மருத்துவமனைகள் 92-ஐ எல்லையாகக் கொள்கின்றன. அசைவு, குளிர்ந்த விரல், நகப்பூச்சு, குழந்தையின் விரலுக்குப் பொருந்தாத பெரியவர் கருவி ஆகிய எதுவும் எண்ணைப் பிசகச் செய்யும். கருந்தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் போக்கும் அதற்கு உண்டு.

எண் சரியாகவே இருந்தாலும், அது குழந்தை இதுவரை சமாளித்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. என்ன விலை கொடுத்துச் சமாளிக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நிமிடத்துக்கு 70 முறை மூச்சிழுத்து 96-ஐத் தக்கவைத்திருக்கும் குழந்தை, சில மணி நேரத்தில் களைத்துவிடும். அந்த உழைப்பைப் பார்த்துத்தான் சேர்க்கச் சொல்கிறார்கள்.

இவ்வளவு இருமுகிறான், ஆனால் ஆன்டிபயாடிக் எழுதித் தரவில்லையே?

சளி, பிராங்கியோலைட்டிஸ், பெரும்பாலான தொண்டைக் கரகரப்பு ஆகியவை வைரஸ்களால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். தேவையின்றித் தந்தால் பலன் இல்லாமற்போவது ஒருபுறம் இருக்க, வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் வரலாம். உடலில் வாழும் பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்காதவை மட்டும் எஞ்சிப் பெருகும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது பாக்டீரியா வந்ததற்குச் சான்றன்று. நோயெதிர்ப்பு அணுக்களின் நிறமே அது.

நிமோனியா என்று மருத்துவர் கருதினால் கதை வேறு. அப்போது தாமதிக்கக் கூடாது. அபாய அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு வாய்வழி அமாக்சிசிலின் பெரும்பாலும் போதுமானது. அபாய அறிகுறி இருந்தால் மருத்துவமனையில் ஊசி வழியே தொடங்குவார்கள். தொடங்கிய மருந்தைச் சொன்ன நாள் வரை தர வேண்டும். இரண்டு நாளுக்குப் பின்னும் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ தணியாவிட்டால், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா, கிருமி வேறா என்று மறுபடி ஆராய்வார்கள். இன்ஃபுளுயன்சாவுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு. அது முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

மூன்றாம் நாள் சேர்த்தோம். நான்காம் நாள் இன்னும் மோசமாகிவிட்டதே, சிகிச்சை தவறா?

பிராங்கியோலைட்டிஸ் என்றால், நோயின் போக்கே அதுதான். பெரும்பாலும் ஆர்எஸ்வி எனப்படும் வைரஸால், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வரும் இந்நோய் இரண்டொரு நாள் மூக்கொழுகலாகத் தொடங்கி, மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை எட்டி, பிறகு மெல்ல இறங்கும். உச்சத்துக்கு முதல் நாள் சேர்க்கப்பட்ட குழந்தை மறுநாள் மோசமாகத் தெரிவது இயல்பு. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது நோயின் எத்தனையாவது நாள் என்பதே.

இந்நோய்க்கு வைரஸைக் கொல்லும் வழக்கமான மருந்து இல்லை. ஸ்டீராய்டும், மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தும், முந்தைய பதிலில் சொன்ன ஆன்டிபயாடிக்கும் இதில் பயன் தருவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. மூக்கைச் சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் ஆக்சிஜன், போதிய பால் அல்லது நீர், இயன்றவரை தொந்தரவு செய்யாமை: சிகிச்சை இவ்வளவுதான். ஒன்றுமே செய்யவில்லை என்று பெற்றோர்கள் குறைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே உற்றுக் கவனித்தபடி காத்திருப்பதும் சிகிச்சைதான்.

ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள் என்றால் கடைசிக் கட்டமா?

அன்று. ஆக்சிஜன் ஒரு மருந்து. பாதி வழியிலேயே தருவதுதான் அதன் பயன். மூக்கில் வைக்கும் மெல்லிய குழாயில் தொடங்குவார்கள். அது போதாதபோது, சூடாக்கி ஈரப்படுத்திய காற்றை வேகமாகச் செலுத்தும் உயர்பாய்ச்சல் முறைக்கோ, மூச்சுக்குழல்கள் மூடிவிடாமல் தொடர் அழுத்தம் தரும் கருவிக்கோ மாற்றுவார்கள். வென்டிலேட்டர் இவற்றுக்கெல்லாம் பிறகே, களைத்துப்போன குழந்தையின் மூச்சு வேலையைச் சில நாள் ஏற்றுக்கொள்வதற்காக. சேர்க்கப்படுபவர்களில் சிறு பகுதியினருக்கே அது தேவைப்படுகிறது.

பால் குடிக்கவே மாட்டேன் என்கிறாள். டிரிப்ஸ் போட்டால் சரியாகிவிடும் அல்லவா?

குழந்தை மறுப்பதில்லை, அவளால் முடியவில்லை. நிமிடத்துக்கு 60 முறை மூச்சு விடுபவளால் உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுவது கடினம். வழக்கமாகக் குடிப்பதில் பாதிக்குமேல் குறைந்துவிட்டாலோ, சிறுநீர் நனைத்த துணிகள் வெகுவாகக் குறைந்து 12 மணி நேரமாகச் சிறுநீரே கழியாமல் இருந்தாலோ மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். லேசான நிலையில், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தருவதே போதும்.

அது முடியாதபோது, மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில் பால் தருவது டிரிப்ஸைவிட எளிது. தாய்ப்பாலையே அதில் தரலாம். டிரிப்ஸ் தேவைப்பட்டால் அளவாகவே செலுத்துவார்கள். நுரையீரல் நோயுற்ற குழந்தையின் உடல் நீரைத் தேக்கிவைக்கும் போக்குடையது. உப்புச்சத்துக் குறைந்த நீர்மத்தை அதிகமாக ஏற்றினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். ‘பாட்டில் மெதுவாக இறங்குகிறது’ என்று கைப்பிடியை யாரும் திருகிவிட வேண்டாம்.

எக்ஸ்ரேகூட எடுக்காமல் எப்படி நிமோனியா என்கிறார்கள்?

மூச்சின் வேகம், நெஞ்சு உள்வாங்குதல், காதில் கேட்கும் ஒலி ஆகியவற்றாலேயே பெரும்பாலும் முடிவெடுக்க இயலும். எக்ஸ்ரே படம் வைரஸையும் பாக்டீரியாவையும் தெளிவாகப் பிரித்துக்காட்டாது. நோய் குணமான பிறகும் நிழல் சில வாரம் நீடிக்கும். சிஆர்பி என்னும் இரத்தப் பரிசோதனைக்கும் இதே குறை உண்டு. நோய் கடுமையாக இருந்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ, நீர் கோத்தலை ஐயுற்றாலோ படம் எடுப்பார்கள்.

நெபுலைசர் வைத்தால் அதற்கே பழகிப்போய்விடுவானாமே?

பழக்கம் ஏற்படாது, நெபுலைசர் மருந்தைப் புகையாக்கித் தரும் கருவி மட்டுமே. இழுப்பு மறுபடி வந்தால் மறுபடி தேவைப்படுகிறது, அவ்வளவுதான். ஸ்பேசர் என்னும் இடைக்குழாய் பொருத்திய இன்ஹேலர் சரியாகப் பயன்படுத்தப்பட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு நெபுலைசருக்கு நிகரான பலன் தரும். எந்த நோய்க்கு என்பதே கேள்வி: ஆஸ்துமா இழுப்பில் கைகொடுக்கும் இது, பிராங்கியோலைட்டிஸில் உதவுவதில்லை என்பதை மேலே பார்த்தோம்.

இரவில் திடீரென்று நாய் குரைப்பதுபோல் இருமி, மூச்சுக்குத் திணறுகிறாள், இது என்ன?

குரல்வளையும் அதன் கீழுள்ள மூச்சுக்குழலும் வைரஸால் வீங்கியிருக்கின்றன. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை அதிகம், இரவில் கடுமையாகும். முதல் வேலை, குழந்தையை அழவிடாமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வது. அழுதால் ஒடுங்கிய குழல் இன்னும் ஒடுங்கும். வாயைத் திறந்து கரண்டியால் அழுத்தித் தொண்டையைப் பார்க்க முயலக் கூடாது. அமைதியாக இருக்கும்போதும் மூச்சை உள்ளிழுக்கும் கரடுமுரடான ஒலி கேட்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே வாய்வழியாகத் தரும் ஒரே வேளை டெக்ஸாமெதசோன் சில மணி நேரத்தில் வீக்கத்தைக் குறைத்துவிடும். கடுமையான நிலையில் அட்ரினலினை நெபுலைசரில் தருவார்கள். அதன் பலன் இரண்டு மணி நேரத்தில் தேய்வதால், தெளிந்துவிட்டாள் என்று உடனே வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள்.

எச்சில் வடிய, குரல் அடங்கி, முன்னே குனிந்து அமர்ந்து, அதிக காய்ச்சலுடன் இருந்தால் அது இந்த நோயன்று. குரல்வளை மூடியின் பாக்டீரியா வீக்கமாக இருக்கலாம். ஹிப் என்னும் பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசியால் மிக அரிதாகிவிட்ட அது, உயிருக்கே ஆபத்தான அவசரநிலை.

இருமல் சிரப், ஆவி, தேன்: எதைத் தரலாம்?

சிறு குழந்தைகளுக்கு இருமல் சிரப்பால் பலன் மிகக் குறைவு, பக்க விளைவு அதிகம். டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்த சிரப்புகளால் குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்ததை அடுத்து உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் எச்சரிக்கை விடுத்ததும் நினைவிருக்கலாம். கொதிநீரில் ஆவி பிடிக்க வைப்பதால் சூட்டுக்காயங்கள்தாம் நிச்சயம். ஒரு வயதுக்கு மேல் சிறிது தேன் இரவு இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் அறவே கூடாது, அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் தசைகளை முடக்கும் பாட்டுலிசம் நோயை உண்டாக்கலாம்.

காய்ச்சல், சளி எதுவும் இல்லை. விளையாடிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று இழுப்பு. ஏன்?

ஏதாவது புரையேறியதா என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். கொட்டைப் பருப்பு, விதை, சிறு பொம்மைத் துண்டு ஆகியவை ஒரு பக்க மூச்சுக்குழலில் சிக்கினால், சில நிமிட இருமலுக்குப் பின் குழந்தை இயல்பாகத் தெரிந்து, நாட்கள் கழித்து அதே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வரும். எக்ஸ்ரே தெளிவாக இருப்பதாலேயே இதை விலக்கிவிட முடியாது. ஐயம் வலுவாக இருந்தால் மயக்க மருந்து தந்து குழாய்க் கருவியால் உள்ளே பார்த்தே தீர்மானிப்பார்கள். புரையேறிய நிகழ்ச்சியை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூச்சு வேகமாக இருக்கிறது, ஆனால் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள், அப்படியும் உண்டா?

உண்டு, மிக எளிதில் தவறவிடப்படுவதும் இதுவே. இரத்தத்தில் அமிலம் சேரும்போது அதை வெளியேற்ற உடல் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடும். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைக்கும், இரத்தத்தில் தொற்று பரவிய குழந்தைக்கும் இப்படி ஆகலாம். சில வாரமாக அதிகம் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, மெலிந்துவந்த குழந்தை வாந்தியும் வயிற்றுவலியுமாக வேகமாக மூச்சு விட்டால், முதன்முறையாக வெளிப்படும் சர்க்கரை நோயாக இருக்கலாம். விரல் நுனி இரத்தத்தில் உடனே சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் குடிக்கும்போது வியர்த்துக் களைக்கும் கைக்குழந்தையிடம் இதயத்தையும் ஐயுற வேண்டும்.

வார்டில் மற்ற பிள்ளைகளிடமிருந்து இவனுக்கு வேறு ஏதாவது தொற்றிவிடாதா?

அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆர்எஸ்வி கட்டில் கம்பியிலும் பொம்மையிலும் சில மணி நேரம் உயிர்த்திருக்கும். கை வழியே கண்ணுக்கும் மூக்குக்கும் போய்ச் சேரும். குழந்தையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுவது அல்லது ஆல்கஹால் திரவம் தேய்ப்பது, பொம்மைகளை மாற்றிக்கொள்ளாமை, சளியுள்ள உறவினர்கள் பார்க்க வராமை ஆகிய மூன்றும் போதிய காப்பு. மருத்துவரோ செவிலியரோ கை கழுவாமல் வந்தால் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் இருமுகிறாள். திரும்பவும் சேர்க்க வேண்டுமா?

மூச்சும் உணவும் உறக்கமும் சரியாக இருந்தால் தேவையில்லை. தேய்ந்த மூச்சுக்குழல் உட்பூச்சு மீண்டும் வளர நாளாகும்; பிராங்கியோலைட்டிஸ் இருமல் பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் நிற்கும். நான்கு வாரத்தைத் தாண்டினாலோ, எடை கூடாவிட்டாலோ, ஈரமான கப இருமலாகவே நீடித்தாலோ காட்டுங்கள். அபாய அறிகுறிகள் பற்றிய பதில் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே பொருந்தும்.

எல்லாத் தடுப்பூசியும் போட்டோமே, பிறகும் ஏன் வந்தது?

ஹிப், நிமோகாக்கஸ், தட்டம்மை, கக்குவான் இருமல் தடுப்பூசிகள் நிமோனியாவின் மிகக் கொடிய காரணங்களைத் தடுக்கின்றன. சளி உண்டாக்கும் வைரஸ்கள் அனைத்தையும் அல்ல. இன்ஃபுளுயன்சா தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். ஆர்எஸ்விக்கு எதிராக இப்போது இரண்டு வழிகள் வந்துள்ளன: கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாய்க்குப் போடும் தடுப்பூசி, குழந்தைக்கே ஒருமுறை போடும் நிர்செவிமாப் என்னும் எதிர்ப்புரத ஊசி. இரண்டில் ஒன்றே பொதுவாகப் போதுமானது. நிர்செவிமாபின் காப்பு ஏறத்தாழ ஐந்து மாதம் நீடிப்பதால், நோய் பரவும் பருவத்துக்குச் சற்று முன் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் அடுத்த குழந்தை பிறக்கவிருந்தால், மகப்பேறு மருத்துவரிடம் இதை இப்போதே கேட்டு வைக்கலாம்.